கிரீட் தீவின் வசந்தம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

2025 ஏப்ரலில் ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகளோடு கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போய் இரண்டு வாரம் தங்கியதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் பாடம் எடுத்தவள் நான். மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லி ஓய்வுபெற்ற பிறகு, இப்படிக் கடிதத்தில் கேள்வி வருவது எத்தனை சந்தோஷம் தெரியுமா? ஆசிரியர் கட்டி அனுப்பிய கடிதங்களை எல்லாம் படித்தேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பேரன் பேத்திகளுக்கு மே மாதம்தான் லீவு. மே கடைசியில் போனால் நீங்கள் பார்த்த பூக்கள் இருக்குமா?
வாசகி, கோயம்புத்தூர்

கீழ்ப்பகுதிகளில் பெரும்பாலும் இருக்காதம்மா. உயரமான மலைகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நாம் வெயில் காலத்தைப் பூக்காலமாக நினைக்கப் பழகியவர்கள். வேம்பும் கொன்றையும் சித்திரை வெயிலில்தானே பூக்கின்றன? கிரீட்டில் கணக்கு வேறு. அங்கே மழை அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலோடு ஏறக்குறைய நின்றுவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானத்திலிருந்து ஒரு சொட்டு விழுவது அபூர்வம். அதனால் செடிகளுக்குக் குளிர்காலம்தான் வேலைக்காலம். முதல் மழையில் முளைத்து, குளிர் முழுக்க இலை வளர்த்து, மார்ச்சிலும் ஏப்ரலிலும் பூத்து, வெயில் ஏறுவதற்குள் விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துவிடும். கிழங்குள்ள செடிகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மண்ணுக்கடியில் கோடையைக் கழிக்கும். நம் செங்காந்தளும் இப்படித்தானே? மழைக்கு ஏறும், பூக்கும், பிறகு கொடி இருந்த இடமே தெரியாது. கிழங்கு மட்டும் உள்ளே காத்துக் கிடக்கும்.

எனவே மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை கீழ்ப்பகுதிகள், ஏப்ரல் கடைசியிலிருந்து மலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவு சுமார் 260 கிலோமீட்டர் நீளம். நடுவில் மலைகள். உயரமான சிகரம் ப்ஸிலோரிடிஸ் 2,456 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றே குறைவு. ஆனால் அங்கே ஏப்ரலிலும் உச்சியில் பனி இருந்தது. காலையில் கடற்கரையில் கசகசா இனத்துச் சிவப்புப் பூக்களைப் பார்த்துவிட்டு, மதியம் ஒமலோஸ் சமவெளிக்கு ஏறினால், பனி உருகி ஈரமாய்க் கிடக்கும் ஓரத்தில் வெள்ளையும் ஊதாவுமாகக் காட்டுக் குங்குமப்பூ எட்டிப் பார்க்கிறது. ஒரே நாளில் இரண்டு மாதத்தைக் கடந்துவிட்ட மாதிரி இருந்தது.

துலிப் என்றால் ஹாலந்து என்றுதான் நினைத்திருந்தேன். கிரீட்டில் காட்டில் வளர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சரியா?
கல்லூரி மாணவர், மதுரை

சரிதான் தம்பி. ஹாலந்துக்குத் துலிப் போனது 16ஆம் நூற்றாண்டில்தான், துருக்கி வழியாக. காட்டுத் துலிப்புகளின் சொந்த ஊர் மத்திய ஆசியாவிலிருந்து மத்திய தரைக்கடல்வரை நீள்கிறது. கிரீட்டுக்கென்றே தனி இனங்கள்கூட உண்டு.

ஸ்பிலி என்று ஒரு மலைக்கிராமம். ஊர் நடுவில், வரிசையாக நிற்கும் கல் சிங்கங்களின் வாயிலிருந்து ஊற்றுநீர் கொட்டும். அங்கிருந்து மேலே ஏறினால் ஜியூஸ் காம்போஸ் என்ற சமவெளி வரும். நாங்கள் போன காலையில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றில் கை விறைத்தது. மகள் காரை நிறுத்தியதும் நான் முதலில் பார்த்தது ஒரு தானிய வயல். பச்சைப் பயிருக்குள் நூற்றுக்கணக்கில் சிவப்புத் துலிப்புகள். பூக்கடைத் துலிப் மாதிரி தடித்த தண்டு கிடையாது. ஒரு சாண் உயரம், மெல்லிய காம்பு. வெயில் வந்தால்தான் வாய் திறக்கும். மேகம் விலக நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம். விலகியதும் வயல் முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்ததைப் பார்த்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் துலிப் உழவனோடு சேர்ந்து வாழ்கிறது. கிழங்கு ஆழத்தில் இருப்பதால் பழைய முறையில் மேலாக உழுதால் அதற்குச் சேதம் இல்லை. மண் கிளறப்படும்போது சிறு கிழங்குகள் பிரிந்து பரவவும் செய்யும். உழவு நின்று நிலம் புதர் மண்டினால் துலிப் குறைந்துவிடும். ஆழமாகக் கிழிக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்தாலும் முடிந்தது. மனிதன் ஒதுங்கிக்கொண்டால்தான் இயற்கை பிழைக்கும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வயலைப் பார்த்தபின் அதை அப்படியே சொல்ல மாட்டேன்.

'தேனீயை ஏமாற்றும் ஆர்க்கிட்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்லக் கூடாதா?
பள்ளி ஆசிரியர், திருவாரூர். இதையே கேட்டு இன்னும் ஐந்து பேர்

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் இருந்தேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கிட் என்றதும் பூக்கடையில் கொத்தாகத் தொங்கும் ஊதாப்பூ நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. தரையில் முளைப்பது. செடி ஒரு சாண், பூ ஒரு கட்டைவிரல் நகம் அளவு. நடந்துகொண்டே பார்த்தால் கண்ணில் படாது. ஜியூஸ் காம்போஸில் ஈரப் புல்லில் முழங்காலிட்டுத்தான் பார்த்தேன்.

நான் பார்த்தவற்றில் ஒன்றுக்கு வெளியே மூன்று ரோஜா நிற இதழ். நடுவில் உதடுபோல ஒரு பகுதி, பழுப்பு வெல்வெட் துணியில் வெளிர்நிறக் கோலம் போட்ட மாதிரி. ஓரத்தில் மயிர். தள்ளி நின்று பார்த்தால் ஒரு தேனீ பூவில் தலையை விட்டு உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். இந்த இனக்குழுவுக்கு ஓஃப்ரிஸ் என்று பெயர். ஒவ்வொரு வகையும் ஏறக்குறைய ஒவ்வொரு காட்டுத் தேனீயை நம்பியிருக்கிறது. கூட்டில் கூட்டமாக வாழும் நம் தேன்தேனீ இல்லை. தனித்தனியாக மண்ணில் வளை தோண்டி வாழும் வகைகளே பெரும்பாலும்.

இந்தத் தேனீக்களில் ஆண்கள் பெண்களுக்குச் சில நாட்கள் முன்பே மண்ணிலிருந்து வெளிவந்துவிடும். வந்ததும் பெண்ணைத் தேடிப் பறக்கும். பெண் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பூ பூக்கிறது! பூவில் ஒரு துளி தேன்கூட இல்லை. ஆனால் பெண் தேனீயின் உடம்பில் வரும் வாசனையைப் பூவே தயாரிக்கிறது. ஆண் அந்த வாசனையைப் பிடித்து வருகிறது, உருவத்தைப் பார்க்கிறது, இறங்குகிறது, மயிரின் சொரசொரப்பும் பெண்ணின் உடம்பு மாதிரியே இருக்கிறது. இணைசேர முயல்கிறது. அந்த அசைவில் பூவின் மகரந்தம் இரண்டு சின்ன உருண்டைகளாகத் தேனீயின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த பூவிலும் இதேபோல் ஏமாந்தால் மகரந்தச் சேர்க்கை முடிந்தது.

பாடப் புத்தகத்தில் இதை ஒரு பத்தியாக நடத்தியவள்தான் நான். படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். அறுபத்தேழு வயதில் அதை நேரில் பார்த்தேன். அன்று பத்து மணிவாக்கில் ஒரு தேனீ வந்தது. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பிண நாற்றம் அடிக்கும் பூவைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?
வாசகர், கும்பகோணம்

வேண்டாம். உங்கள் கொல்லைப்புறத்தில் சேனைக்கிழங்கு பூத்தால் போதும்.

கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் பூவும் சேனையும் ஒரே குடும்பம். சேப்பங்கிழங்கும் அதே குடும்பம்தான். கிரீட்டில் சாலையோரம், ஒலிவத் தோப்பு ஓரம் எல்லாம் ஏப்ரல் நடுவிலிருந்து அது பூக்கிறது. முழங்கால் உயரத்துக்கு மேல் வளரும். காவி நிறமும் கருஊதாவும் கலந்த ஒரே பெரிய மடல், நடுவில் கறுப்புக் கோல். தண்டில் பாம்புத்தோல் மாதிரிப் புள்ளிகள். அழுகிய மாமிச நாற்றத்தை நம்பி ஈயும் வண்டும் வந்து உள்ளே விழுந்து, மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியேறும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய்விட்டாள். எனக்கோ அம்மா வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. சேனை பூத்த அன்று எலி செத்துக் கிடக்கிறதென்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறோம்.

கொடைக்கானலில் எங்களுக்குச் சிறிய தோட்டம் உண்டு. கிரீட் ஆர்க்கிட் கிழங்கு ஒன்றிரண்டு கொண்டுவந்து வைத்தால் வருமா?
வாசகர், திண்டுக்கல்

வராது. கொண்டுவரவும் கூடாது. ஆர்க்கிட்டுகள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் உள்ளவை. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் குற்றம். அதைவிட முக்கியம், மண்ணில் உள்ள குறிப்பிட்ட பூஞ்சையோடு சேர்ந்துதான் இந்தச் செடி வாழ்கிறது. இதன் விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடு கிடையாது. பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். கிழங்கைத் தோண்டினால் அந்த உறவை அறுத்துவிடுகிறோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களில் மாணவிகளை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அழைத்துப் போனபோது, ஒரு தரை ஆர்க்கிட்டை நானே வேரோடு எடுத்தேன். கல்லூரித் தோட்டத்தில் வைத்துக் காட்டலாம் என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் கருகிவிட்டது. அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போனோம், அங்கே வேறு செடி இல்லை. அது அங்கே இருந்த ஒரே செடி என்று எடுக்கும்போது எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டு ஆகியும் அந்த இடம் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் படம் எடுத்து வாருங்கள் சார். செடி அங்கேயே இருக்கட்டும்.

நாங்கள் சுத்த சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
வாசகி, மயிலாப்பூர், வாசகர், காரைக்குடி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில் போங்கள், கவலையே இல்லை. கிரேக்கர்கள் அப்போது நோன்பு இருப்பார்கள். மாமிசம், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொட மாட்டார்கள். கடையில் 'நிஸ்திஸிமோ' என்று கேளுங்கள், நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம். ஆனால் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி ஆகியவை நோன்பில் அனுமதி. அதனால் அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் போன ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 12.

நான் தினமும் சாப்பிட்டது 'ஹோர்தா'. காட்டுக்கீரை. வேகவைத்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். காலை வேளைகளில் பாட்டிமார்கள் சின்னக் கத்தியும் பையுமாக வயலோரம் குனிந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு பாட்டியிடம் மகள் சைகையில் கேட்டாள். அவர் பையைத் திறந்து ஒவ்வொரு கீரையாக எடுத்து, பெயர் சொல்லி, என் மூக்கருகே நீட்டினார். சோம்புக் கீரை ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் 'சோம்பு' என்றேன், அவர் 'மாரதோ' என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி நாலு தடவை சொல்லிக்கொண்டோம். என் அம்மா தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் பறிக்கப் போவதும் இதே மாதிரிதான், மடியைக் கட்டிக்கொண்டு. இந்தக் கீரையறிவு இரண்டு ஊரிலும் பாட்டிகளோடு போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பெரிய அவரை விதைக் குழம்பு, மஞ்சள் பட்டாணிப் பருப்பு மசியல், திராட்சை இலையில் சுற்றிய சோறு இவையும் நன்றாக இருந்தன. ஊறுகாய் பாட்டில் கொண்டு போயிருந்தோம், பாதிகூடத் தீரவில்லை.

பாம்பு பயம் உண்டா?
வாசகி, நாகர்கோவில்

கிரீட்டில் மனிதரைக் கொல்லும் நஞ்சுள்ள பாம்பு கிடையாது. தைரியமாகப் புல்லில் உட்காரலாம். முள்ளைத்தான் பார்த்து உட்கார வேண்டும்.

சமரியா பள்ளத்தாக்குக்குப் போகவில்லையா? முழங்கால் வலி உள்ளவர்கள் எவ்வளவு நடக்க முடியும்?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

போக முடியவில்லை. 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமரியா வழக்கமாக மே 1 அன்றுதான் திறக்கும். அதற்கு முன் தண்ணீர் வரத்தும் கல் விழும் ஆபத்தும் அதிகம். 1962இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். உள்ளே இருந்த கிராமத்து மக்கள் அப்போது வெளியேற நேர்ந்தது. கிரீட்டின் காட்டு ஆடு வாழும் இடம் அது.

நாங்கள் இம்ப்ரோஸ் என்ற சின்னப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். சுமார் 8 கிலோமீட்டர், முழுக்க இறக்கம், உருளும் கற்கள். கைத்தடி ஊன்றி மெதுவாக நடந்து நாலு மணி நேரத்தில் முடித்தேன். ஓரிடத்தில் இரண்டு பாறைச் சுவரும் அத்தனை நெருக்கம், கையை விரித்தால் இரண்டையும் தொடலாம். 1941 மே மாதம், தீவை ஜெர்மானியர் பிடித்தபோது, பின்வாங்கிய நேசநாட்டுப் படையினர் இந்த வழியாகத்தான் தெற்குக் கடற்கரைக்கு நடந்தார்களாம். பாறை இடுக்கில் வெள்ளை சைக்ளமென் பூக்கள். ஓடைகளில், நம் நெடுஞ்சாலை நடுவே வளர்க்கிறோமே, அதே அரளி காட்டுச்செடியாக நிற்கிறது. அங்கே அது மே கடைசிக்கு மேல்தான் பூக்குமாம்.

முழங்கால் வலி இருந்தால் பள்ளத்தாக்கே வேண்டாம். சாலையோரம் காரை நிறுத்தி ஐம்பது அடி நடந்தால் போதும். நான் பார்த்த ஆர்க்கிட்டில் பாதிக்கு மேல் சாலையோரத்தில் பார்த்தவையே.

பறவைகள் பற்றி எழுதவே இல்லையே?
வாசகர், கூடலூர்

கூடலூர்க்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகளைக் கண்ட கண் அல்லவா?

ஸ்பிலிக்குத் தெற்கே குர்டாலியோடிகோ என்ற பள்ளத்தாக்கில் பெரிய பாறுகள் வெயில் ஏறியதும் சுவரைவிட்டுக் கிளம்பிச் சுற்றும். நாங்கள் பதினொன்று எண்ணினோம். எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் தாடிக் கழுகும் அந்தத் தீவில் இருக்கிறது. கிரேக்க நாட்டில் அது மிஞ்சியிருப்பது கிரீட்டில் மட்டுமே. விரல்விட்டு எண்ணும் அளவு ஜோடிகள்தான். நான் பார்க்கவில்லை. நம் ஊரில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோபெனாக் மருந்து பாறுகளைக் கொன்று தீர்த்தது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தோம். கிரீட்டில் வேறு கதை. மற்ற மிருகங்களைக் கொல்ல வைக்கும் விஷ இரை கழுகுகளையும் கொல்கிறது. மேய்ச்சல்காரர்களும் பாறும் காலகாலமாகச் சேர்ந்து வாழ்ந்த மலைகள் அவை. அங்கேயும் இப்படி ஆனது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

எப்படிப் போவது? விசா?
பலர்

கிரேக்கம் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. அந்த விசா வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏதென்ஸிலிருந்து கிரீட்டில் உள்ள ஹானியா நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம். அல்லது ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் ராத்திரி கப்பல் ஏறினால் விடியும்போது தீவு. கார் ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்வெட்டர் கட்டாயம். அப்புறம், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ். மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியதைத் தாத்தா படித்துக் காட்டினார். பூ ஏமாற்றினால் அந்தத் தேனீ பாவம் இல்லையா?
ஐந்தாம் வகுப்பு மாணவி, தென்காசி

பாவம்தான் கண்ணு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் தேனீ ஒன்றும் தெரியாததில்லை. ஒரு பூவில் ஏமாந்தால் அந்தப் பூவின் வாசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மறுபடி அதனிடம் போகாது. அதனால்தான் பூக்களும் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வேறு வாசனை வைத்திருக்கின்றன. புதிதாக இருக்கிறதே என்று தேனீ இன்னொரு தடவை வரும். கொஞ்ச நாளில் நிஜமான பெண் தேனீக்கள் மண்ணிலிருந்து வந்துவிடும். அப்புறம் பூவை யார் பார்ப்பார்கள்?

நான் பார்த்த தேனீயைச் சொல்கிறேன் கேள். நாற்பது நிமிடம் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன், புடவை நனைந்துவிட்டது. நீளமான இரண்டு கொம்பு வைத்த பழுப்புத் தேனீ ஒன்று வந்தது. பூவில் இறங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஏழெட்டு நொடி இருந்துவிட்டு எழும்பியது. அதன் நெற்றியில் இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருந்தன, குட்டி எலுமிச்சம்பழம் மாதிரி. அடுத்த பூவுக்குப் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். போகவில்லை. பக்கத்தில் ஊதாப் பூ பூத்த கற்பூரவள்ளிக் குடும்பத்துச் செடி ஒன்று இருந்தது. அதில் நிஜமாகவே தேன் உண்டு. அந்த இரண்டு உருண்டைகளோடேயே போய் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது.